கல்லை நம்பிய வாத்தியார்

சென்ற இதழில் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டுத் திருகோணமலைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விடயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம்.

அப்பாவின் அலுமாரியில் மூன்று பாகமும் இருக்கின்றன, அட்டைதான் இல்லை. இவர் பேராசிரியரா? பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தையும் காணோமே.
— க. இ., உப்புவெளி

பட்டம் இருந்தால்தானே போடுவதற்கு! பள்ளிப் படிப்போடு நின்றவர் அவர். 1892 ஆகஸ்ட் 15இல் கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பயத்தில் பிறந்தார். நற்றிணைக்கு உரை எழுதிய பின்னத்தூர் நாராயணசாமி ஐயரிடம் தமிழ் கற்றார். 1917 முதல் 1942 வரை கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். சோழர் பற்றிய அவருடைய அடிப்படை வேலை இந்த இருபத்தைந்து வருடப் பள்ளிக்கூட வாழ்க்கைக்குள்ளேயே நடந்தது. ‘முதற் குலோத்துங்க சோழன்’ 1930இலும் ‘பாண்டியர் வரலாறு’ 1940இலும் வந்தன. அதன் பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1960 ஜனவரி 2இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார்.

உங்களிடம் இருப்பது அந்தப் பல்கலைக்கழகக் காலத்து வேலை. முதல் பாகம் 1949, இரண்டாவது 1951. மூன்றாவது 1961இல், அவர் இறந்த பிறகு வந்தது. முதல் பாகம் விசயாலயன் தொடங்கி 1070 வரை. இரண்டாவது குலோத்துங்கனில் தொடங்கிச் சோழர் ஆட்சி முடியும் 1279 வரை. மூன்றாவதில் போர் இல்லை. ஊர்ச்சபை, வரி, நில அளவை, கோயில், கல்வி, நாணயம் என்று போகும். பலரும் முதல் பாகத்தைப் படித்துவிட்டு மற்ற இரண்டையும் தூசி தட்டாமலே வைத்துவிடுவார்கள். எங்களைக் கேட்டால் மூன்றாவதுதான் சாறு.

கதைகளில் வருகிற திருப்புறம்பயம் பள்ளிப்படை உண்மையானதா, எழுத்தாளர் கட்டியதா?
— எஸ். ஜே., பாலையூற்று

பள்ளிப்படை என்பது இறந்த அரசர்க்கோ வீரர்க்கோ எழுப்பும் நினைவுக் கோயில். ஊரும் உண்மை, போரும் உண்மை. 880ஐ ஒட்டி அங்கே வரகுண பாண்டியனின் படையும் பல்லவன் அபராசிதனின் படையும் மோதின. அபராசிதன் பக்கம் கங்க அரசன் பிருதிவிபதியும் சோழன் ஆதித்தனும் நின்றார்கள். பிருதிவிபதி களத்திலேயே விழுந்தான், பாண்டியன் தோற்றான். பல்லவனுக்கு வெற்றி கிடைத்தாலும் அதை அனுபவித்தது ஆதித்தன்தான். சோழப் பேரரசு தலையெடுத்தது இந்தப் போருக்குப் பிறகு. அந்தக் களம் இருந்த ஊரில் பிறந்த பிள்ளைதான் பண்டாரத்தார். ஊரின் தலவரலாற்றையும் தனி நூலாக எழுதியிருக்கிறார். கதையில் வரும் நள்ளிரவுச் சதியாலோசனையை மட்டும் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரத்துக்குப் படிக்கிறேன். நீலகண்ட சாஸ்திரியாரை வாசி என்று ஒரு ஆசிரியர் சொல்கிறார், பண்டாரத்தாரை வாசி என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டையும் வாசிக்க நேரம் இல்லை. எது நல்லது?
— மாணவி, கிண்ணியா

முதலில் ஒரு வேடிக்கை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் பிறந்தது 1892 ஆகஸ்ட் 12. பண்டாரத்தாருக்கு மூன்று நாள் மூத்தவர். ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினார், மற்றவர் கும்பகோணத்தில் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு தமிழில் எழுதினார். சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. அது கையில் இருந்தபடியால்தான் பண்டாரத்தாரால் பல இடங்களில் ‘அவர் கருத்து பொருந்தாது’ என்று வெளிப்படையாக எழுத முடிந்தது.

தமிழில் விடை எழுதப் போகிற உங்களுக்குப் பண்டாரத்தாரின் முதல் பாகம் போதும். இராசராசன், இராசேந்திரன் என்ற இரண்டு அத்தியாயங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் போகும். பட்டம் ஏறிய ஆண்டு, மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பாட்டு), போர்கள், திருப்பணி, மனைவி மக்கள், அதிகாரிகள், சிறப்புப் பெயர்கள். கடைசி மூன்றையும் முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். அரசியரின் பெயர்ப் பட்டியலில் சிக்கி வாசிப்பையே கைவிட்டவர்கள் அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் வடவெழுத்தைத் தவிர்ப்பவர். ராஜராஜன் அவரிடம் இராசராசன், ராஜாதிராஜன் இராசாதிராசன். பெயர் அகராதியில் ‘ரா’வில் தேடினால் கிடைக்காது, ‘இ’யில் பாருங்கள்.

இருவரும் முரண்படும் இடத்துக்கு ஓர் உதாரணம் தெரிந்திருந்தால் விடைத்தாளில் கைகொடுக்கும். இராசராசனின் அண்ணன் இரண்டாம் ஆதித்தன், அதாவது ஆதித்த கரிகாலன், கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் இராசகேசரி என்ற பட்டமுடைய ஒரு சோழனின் 2ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் சொத்து பறிமுதலானதைச் சொல்கிற கல் அது. இராசகேசரி இங்கே முதலாம் இராசராசன் என்றால் ஆண்டு 986–87. கொலைக்கும் இராசராசனுக்கும் இடையில் ஆண்ட உத்தமசோழன் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்டு அவன் மீது ஐயம் கொண்டார் சாஸ்திரியார். பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்லில் இருப்பது துரோகிகளின் பெயரும் நிலமும்தான். அங்கே உத்தமசோழன் பெயர் குற்றவாளியாக இல்லை. கல் சொல்லாததை மௌனத்திலிருந்து எடுக்கக் கூடாது என்ற பக்கம்தான் எங்களுக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் பரீட்சையில் இரண்டு கருத்தையும் எழுதிவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

அடிக்குறிப்புகளில் ‘577 ஆஃப் 1920’ என்று வருகிறது. 1920இல் யார் கல்வெட்டு வெட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ‘12ஆவது யாண்டு’ என்றிருந்தால் ஆங்கில ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஆசிரியர், தம்பலகாமம்

பிள்ளைகளின் கேள்வி நியாயமானது. 1920 என்பது இந்தியக் கல்வெட்டுத் துறையினர் அந்தக் கல்லைப் படியெடுத்த ஆண்டு, 577 அந்த வருடத்துப் பட்டியலில் அதன் வரிசை எண். உடையார்குடிக் கல்வெட்டின் எண்தான் அது. துறையின் ஆண்டறிக்கையில் சுருக்கம் மட்டும் இருக்கும். முழுப் பாடம் வேண்டுமென்றால் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளைப் பார்க்க வேண்டும். அதற்கு அடிக்குறிப்பில் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் வரும். இரண்டாம் தொகுதி தஞ்சைப் பெரியகோயிலுக்கு உரியது. நான்காம் தொகுதியில் இலங்கையிலிருந்து எடுத்தவையும் உண்டு.

ஆட்சியாண்டைக் கணக்கிட மூன்று படி இருக்கிறது. பிழை விடுவது பெரும்பாலும் மூன்றாவது படியில்.

முதலில் எந்த அரசன் என்று பிடிக்க வேண்டும். சோழர் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டத்தையும் மாறி மாறிச் சூடினார்கள். ஆகவே ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் அது பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தமசோழனாகவும் இருக்கலாம், இராசேந்திரனாகவும் இருக்கலாம். அங்கே கைகொடுப்பது மெய்க்கீர்த்தியின் முதலடி. ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்றால் முதலாம் இராசராசன். ‘திருமன்னி வளர இருநில மடந்தையும்’ என்றால் முதலாம் இராசேந்திரன். ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதற் குலோத்துங்கன். இராசராசனின் நீண்ட மெய்க்கீர்த்தி அவனுடைய 8ஆம் ஆண்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு முந்திய கற்களில் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்த’ என்ற அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பட்டம் ஏறிய ஆண்டு. இராசராசன் 985, இராசேந்திரன் 1012, இராசாதிராசன் 1018, வீரராசேந்திரன் 1063, முதற் குலோத்துங்கன் 1070. இவற்றைக் கரும்பலகையில் நிரந்தரமாக எழுதி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கூட்டல். இராசேந்திரனின் 12ஆம் ஆண்டு என்றால் 1012 உடன் 12ஐக் கூட்டி 1024 என்று எழுதிவிடுகிறார்கள். முடிசூடிய ஆண்டே முதலாம் ஆண்டு, ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும். 1012 + 12 − 1 = 1023. ஆட்சியாண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை என்பதால் 1023–24 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதுவதுதான் ஒழுங்கு.

இன்னொரு பொறி: இராசாதிராசன் 1018இலேயே இளவரசுப் பட்டம் பெற்றுத் தன் ஆட்சியாண்டை அப்போதிருந்தே எண்ணினான். தகப்பன் இராசேந்திரன் 1044 வரை இருந்தான். ஆகவே இராசாதிராசனின் 20ஆம் ஆண்டும் இராசேந்திரனின் 26ஆம் ஆண்டும் ஒரே காலம்தான், 1037–38. பிள்ளைகள் ஒருவருக்குப் பின் ஒருவராக அடுக்கினால் நூற்றாண்டே நீண்டுவிடும்.

சக ஆண்டு (கி.பி. 78இலிருந்து எண்ணும் ஆண்டு) கொடுத்திருந்தால் வேலை சுலபம், 78ஐக் கூட்டினால் போதும். ஜனவரி முதல் பங்குனி வரையுள்ள தேதி என்றால் 79.

கல்லில் எண்களும் எழுத்துப் போலவே தோன்றும். ௧ என்பது க, ௨ என்பது உ, ௫ என்பது ரு, ௰ என்பது ய போல இருக்கும். ‘யாண்டு’ என்ற சொல்லுக்குப் பின் ‘யஉ’ என்று தெரிந்தால் அது சொல் அல்ல, 12.

பண்டாரத்தார் நிலாவெளிக் கல்வெட்டைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை? 250 வேலி என்றால் இன்றைய கணக்கில் எத்தனை ஏக்கர்? எங்கள் ஊரில் 1,700 ஏக்கர் என்றும் சொல்கிறார்கள், அது கட்டுக்கதை என்றும் சொல்கிறார்கள்.
— மு. ச., நிலாவெளி, இதையொத்த கேள்வி: குச்சவெளி வாசகர்

அவர் காலத்தில் அது அச்சில் வரவில்லை, அவ்வளவுதான். திருகோணமலைக் கற்களில் முக்கியமான பல, அவர் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகே படிக்கப்பட்டு வெளியாகின. சோழ இலங்கேஸ்வர தேவனின் கல்வெட்டுகளை 1974இல் ஆய்வாளர் குணசிங்கம் வெளியிட்டார். மானாங்கேணிக் கல் அந்த வகையைச் சேர்ந்தது. சோழ இளவரசன் ஒருவன் ‘இலங்கேஸ்வரன்’ என்ற பட்டத்தோடு இங்கே ஆண்டிருக்கிறான் என்பதும், கோணேசர் கோயில் ‘மச்சகேஸ்வரம்’ என்று அழைக்கப்பட்டது என்பதும் இந்தக் கற்களால் தெரியவந்தவை. ஆகவே ஈழத்துச் சோழர் ஆட்சி பற்றிப் பண்டாரத்தார் எழுதிய பக்கங்களில் இராசராசன் படையெடுத்தது, பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆனது, ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டது, 1070இல் முதலாம் விசயபாகு மீட்டது என்ற சட்டகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆட்சி இங்கே எப்படி நடந்தது என்பதற்குப் பேராசிரியர் சி. பத்மநாதனின் ‘இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்’ பக்கம் வந்துவிடுங்கள். கையில் கல் இல்லாமல் எழுதமாட்டேன் என்றவரைக் கல் கிடைக்காததற்காகக் குறை சொல்ல முடியாது.

இனி வேலிக் கணக்கு. நிலாவெளிக் கல்வெட்டு கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது. ஒரு வேலி 20 மா. ஒரு மா 100 குழி. ஒரு குழி என்பது அளவுகோலின் நீளத்தை அதனாலேயே பெருக்கிய சதுரம். இந்தக் கோலின் நீளத்தில்தான் தகராறே இருக்கிறது. 16 சாண் கோலும் இருந்தது, 12 சாண் கோலும் இருந்தது.

சாணுக்கு 9 அங்குலம் என்று வைத்தால் 16 சாண் கோல் 12 அடி. ஒரு குழி 144 சதுர அடி, ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. வேலி 6.6 ஏக்கர். 250 வேலிக்கு ஏறத்தாழ 1,650 ஏக்கர் வரும். ஊரில் சொல்கிற 1,700 இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான், கட்டுக்கதை இல்லை. 12 சாண் கோலாக இருந்தால் கோல் 9 அடி, குழி 81 சதுர அடி, வேலி 3.7 ஏக்கர். மொத்தம் 930 ஏக்கர்தான். போதாததற்கு மாவுக்கு 256 குழி என்று கொண்ட ஊர்களும் சோழ நாட்டில் இருந்தன. ‘இன்ன சாண் கோலால்’ என்று ஒரு கல் சொல்லாதபோது ஏக்கர் கணக்கை ஒற்றை எண்ணாக எழுதாமல் ‘மாவுக்கு 100 குழி என்று கொண்டால் 900க்கும் 1,700க்கும் இடையில்’ என்று எழுதுவதே நேர்மை. எந்தக் கோலை எடுத்தாலும் அது பெரிய கொடைதான்.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரண்டு மீன் செதுக்கிய கல் இருக்கிறது. ‘முன்னே குளக்கோட்டன்’ பாட்டு அதில்தான் இருக்கிறது என்கிறார்கள். குளக்கோட்டன் சோழனா, பாண்டியனா? எந்தக் காலம்?
— வாசகர், ஓர்ஸ் ஹில்

ஒரு கல்லில் நான்கு விடயங்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

கல் எப்படி அங்கே வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள். ஆகவே கோட்டைச் சுவரில் ஒரு கல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து அதன் காலத்தைச் சொல்ல முடியாது. தூணும் நிலையும் எங்கிருந்தோ பெயர்த்துப் பதிக்கப்பட்டவை.

மீன் பாண்டியரின் இலச்சினை. புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில் 1263ஐ ஒட்டிய சடையவர்மன் வீரபாண்டியனின் கல்வெட்டு, அவன் கோணமலையில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன், பொறித்ததைச் சொல்கிறது. கோட்டை வாசல் மீனை அதோடு சேர்த்துப் பார்ப்பது நியாயமான ஊகம்.

பாட்டு வேறு. கோணேசர் கோயிலைக் கட்டியவன் என்று மரபு சொல்லும் குளக்கோட்டன் எழுப்பியதைப் பின்னே பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று அது போகும். கல்லில் இன்று இருப்பது சிதைந்த துண்டெழுத்து. பாட்டின் முழு வடிவம் வாய்மொழியாகவும் நூல்களிலும் வந்தது. விட்ட இடங்களைப் பாட்டைக் கொண்டு நிரப்பிவிட்டு, பிறகு ‘பாட்டு கல்லில் இருக்கிறது’ என்று சொல்வது வட்டத்தில் ஓடுவதாகும்.

குளக்கோட்டன் காலத்துக்கு வருவோம். ‘கோணேசர் கல்வெட்டு’ கலி 512 என்கிறது. கலியாண்டிலிருந்து 3101ஐக் கழித்தால் கிறிஸ்து ஆண்டு வரும். இங்கே 512 சிறியது என்பதாலும் இடையில் சுழிய ஆண்டு இல்லை என்பதாலும் கி.மு. 2590 கிடைக்கும். அந்தக் காலத்தில் சோழனும் இல்லை, கருங்கல் கோயிலும் இல்லை. இன்னொன்று, பெயரில் ‘கல்வெட்டு’ என்று இருந்தாலும் அது கல்லில் வெட்டியதல்ல, கவிராசவரோதயன் பாடிய நூல். கோயில் தொழும்பு (ஊழிய) முறைகளுக்கு அது நல்ல சான்று, ஆண்டுக் கணக்குக்கு அல்ல. கோட்டையில் கிடைத்த வேறொரு நிலைக்கல்லில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனம் உண்டு. அதில் சோடகங்கதேவன் பெயரும் கோகர்ணம் என்ற தலப்பெயரும் சக ஆண்டு 1145உம் வருகின்றன. 78ஐக் கூட்டினால் 1223. குளக்கோட்டன் என்று மரபு சொல்பவன் இந்தச் சோடகங்கனே என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. இப்போதைக்கு நிற்கக்கூடிய தரை அதுதான்.

பண்டாரத்தார் முறையில் இதை எழுதினால் ‘1223இல் சோடகங்கன்’ என்பது நூலின் உடற்பகுதியில் வரும், ‘குளக்கோட்டன்’ அடிக்குறிப்புக்குப் போகும்.

வெல்கம் விகாரையில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருப்பது எப்படி? சோழர் பௌத்தப் பள்ளிகளை இடித்தவர்கள் என்றல்லவா பாடத்தில் வருகிறது.
— ந. ப., கன்னியா

பெரியகுளத்துக்கு அருகே இருக்கிற அந்த விகாரைக்குச் சோழர் காலத்துப் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. கொடுத்தவர்கள் தமிழ்ப் பெயருடையவர்கள், கொடுத்தவை பசுவும் விளக்கும். பௌத்தம் அன்று தமிழருக்கும் சமயமாக இருந்தது. அனுராதபுரம் கொள்ளையானதும் உண்மை, பெரும்பள்ளிக்கு நந்தாவிளக்கு (அணையா விளக்கு) எரிந்ததும் உண்மை. இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

விளக்குக்கு ஏன் மாடு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பண்டாரத்தாரின் மூன்றாம் பாகத்தை வாசிக்கப் பழக்கியவர்களுக்கு இது சிரமம் இல்லை. சோழ நாட்டில் ஒரு நந்தாவிளக்குக்கு வழக்கமான கொடை 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இடையர் அவற்றைப் பொறுப்பெடுத்து நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி, ஆக வருடத்துக்கு 91¼ நாழி. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வருவது இதனால்தான். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி வைப்பது இடையரின் கடமை. கணக்கில் அந்த ஆடு சாவதே இல்லை!

எங்கள் வயற்கரையில் எழுத்துள்ள கல் ஒன்று கிடக்கிறது. போனில் படம் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. மா அல்லது சோக் பூசி எடுக்கலாமா? மைப்படி எடுப்பது எப்படி?
— வாசகர், மூதூர்

மாவும் வேண்டாம், சோக்கும் வேண்டாம். மா ஈரத்தில் பாசியையும் எறும்பையும் கூட்டிவரும். சோக்கால் எழுத்தின் மேல் கோடு இழுத்தால், நீங்கள் ‘இது ர’ என்று நினைத்தது மட்டும் படத்தில் வரும், கல்லில் இருந்தது வராது. எண்ணெயும் குங்குமமும் அதைவிட மோசம். கம்பி பிரஷ், அசிட், சவர்க்காரத் தூள் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

உச்சி வெயில்தான் உங்கள் எதிரி. வெளிச்சம் நேரே விழுந்தால் பள்ளத்தில் நிழல் இராது. காலை ஆறரைக்கோ மாலை ஐந்தரைக்கோ போங்கள். அல்லது இருட்டிய பிறகு ரோச் லைற்றைக் கல்லின் விளிம்போடு ஒட்டினாற்போல், தளத்துக்கு 10 முதல் 20 பாகை சாய்வில் பிடியுங்கள். ஒருவர் ரோச் பிடிக்க மற்றவர் படம் எடுக்க வேண்டும். போனின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். முதலில் இடப்பக்கத்து வெளிச்சத்தில், பிறகு மேல், வலம், கீழ் என்று நான்கு படம். சில கோடுகள் ஒரு பக்கத்து வெளிச்சத்தில்தான் தெரியும். கல்லுக்கு நேரெதிரே நின்று எடுங்கள், சரிந்து எடுத்தால் எழுத்து நெளியும். அருகே ஓர் அடிமட்டத்தை வைத்து ஒரு முழுப் படம் எடுத்துவிட்டு, பிறகு வரிவரியாக, அடுத்தடுத்த படம் மூன்றில் ஒரு பங்கு ஒன்றையொன்று தழுவும்படி எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் மென்மையான துணியும் வெறும் தண்ணீரும் போதும். பாசி கெட்டியாக இருந்தால் அப்படியே விடுங்கள்.

மைப்படி என்பது ஈரமாக்கிய பசையற்ற தாளைக் கல்லில் படிய வைத்து, பிரஷால் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மேலே மை ஒற்றி எடுப்பது. எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். தாள் கிழிந்தால் மை நேரே கல்லில் இறங்கிவிடும், அது போகாது. அதனால்தான் அது பழகினவர் வேலை. இலங்கையில் அதற்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இதற்கும், கல்லைப் பெயர்த்து வீட்டு முற்றத்துக்கோ கோயிலுக்கோ கொண்டுபோவதற்கும் பொருந்தும். நல்ல நோக்கத்தோடு நகர்த்தினாலும் கல் தன் இடத்தை இழந்துவிடும். பாதிச் செய்தி அந்த இடத்தில்தான் இருக்கிறது. இருந்த இடத்திலேயே விட்டு, படங்களையும் இடக்குறிப்பையும் திணைக்களத்திடம் கொடுங்கள்.

வாசிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தக் காலத்து எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது. ‘கொ’வும் ‘கோ’வும் ஒன்று, காலும் ‘ர’வும் ஒன்று. ‘கொணமலை’ என்று தெரிந்தால் கோணமலை என்று வாசிக்கலாம், ஆனால் கொப்பியில் கல்லில் கண்டபடியே எழுதி, உங்கள் வாசிப்பைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

பண்டாரத்தாருடைய புத்தகங்கள் இப்போது எங்கே கிடைக்கும்?
— ர. ம., சாம்பல்தீவு

தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருப்பதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. மூன்று பாகத்தையும் ஒரே கட்டாகவும் விற்கிறார்கள். வாங்குமுன் எந்தப் பக்கமாவது திறந்து அடிக்குறிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடம் மிச்சம் பிடிக்க அவற்றை வெட்டின பதிப்பாக இருந்தால் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடலாம். ஈழத்துக் கல்வெட்டு நூல்களுக்கு நூலகம் இணையத்தளம். உப்புவெளி வாசகர் தன் அப்பாவின் பிரதிக்கு அட்டை மட்டும் கட்டினால் போதும், புதிது வாங்கத் தேவையில்லை.